தடித்த எழுத்தும் தலைப்பும்

நம் சிற்றிதழ்களில் வரும் கதை, கவிதை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் அலசிப் பிழிகிறோம். அவை பக்கமாகும் விதத்தைப் பற்றிப் பேசுவது அரிது. ‘அது டைப் செற்றிங் வேலைதானே’ என்று விட்டுவிடுகிறோம். இந்த அலட்சியம் நம் இலக்கியத்தையே தின்கிறது என்பது என் எண்ணம்.

பாமினி எழுத்துருவை நினைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு அது. ‘அம்மா’ என்று தெரியும் சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அம்மாவும் இல்லை. யூனிகோட் வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் அதைப் பெற்ற பழக்கம் போகவில்லை: கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்கிற பழக்கம்.

சொல்செயலியில் நாம் தயாரிக்கும் கவிதைத் தொகுப்பில் தலைப்பு என்பது 16 புள்ளித் தடித்த எழுத்து, அவ்வளவே. உள்தள்ளல் என்பது ஏழெட்டு வெற்றிடம். வரி பக்கத்துக்குள் அடங்காவிட்டால் என்டரைத் தட்டி முறிக்கிறோம். அந்த முறிவும் கவிஞர் வேண்டி விட்ட முறிவும் கோப்பில் ஒன்றுதான். மறுபதிப்புக்காக இப்படியொரு தொகுப்பு என் கைக்கு வந்தது. எந்த முறிவு கவிதை, எந்த முறிவு தாளின் அகலம் என்று பிரிக்க வழியில்லை. கவிஞரும் உயிரோடில்லை.

டெக், லாடெக் போன்ற குறிமொழி முறைகளில் எழுதுபவர் ‘இது தலைப்பு’, ‘இது செய்யுள் வரி’, ‘இது அடிக்குறிப்பு’ என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். அவை எப்படித் தோன்றவேண்டும் என்பது வேறோர் இடத்தில் ஒருமுறை எழுதப்படுகிறது. நூலின் அளவு மாறினால் அந்த ஓரிடத்தை மாற்றினால் போதும், கவிதையைத் தொடவேண்டியதில்லை. சொல்செயலியிலும் பாணிகள் என்றொரு வசதி உண்டுதான். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

டெக் பிறந்ததே ஒரு பக்கத்தின் அவலட்சணத்தில்தான். 1977இல் டொனால்ட் நூத், தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கு வந்த புதிய அச்சுப்படிகளைப் பார்த்து மனம் வெறுத்து, தானே ஒரு முறையை எழுதத் தொடங்கினார். சில மாத வேலை என்று நினைத்தது பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அதன் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘பை’ என்ற கணித மாறிலியை ஓர் இலக்கம் நெருங்குகிறது: 2021இல் 3.141592653. குறும்புதான். ஆனால் இனி அடிப்படை மாறாது என்ற வாக்குறுதியும் அதில் இருக்கிறது. எண்பதுகளில் எழுதிய கோப்பை இன்றும் ஓட்டலாம். நமது தொண்ணூறுகளின் கோப்புகளில் எத்தனை திறக்கின்றன?

தமிழுக்கு இன்னொரு லாபம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற சொல்லை இரண்டு பத்திகள் கொண்ட பக்கத்தில் போட்டால், சொல்செயலி அதை முழுதாக அடுத்த வரிக்குத் தள்ளும், மேல்வரி பல்லிளிக்கும். சொல்செயலி பொதுவாக வரிவரியாக முடிவெடுக்கிறது. டெக் பந்தி முழுவதையும் ஒன்றாக எடைபோட்டு வரிகளைப் பிரிக்கிறது. நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் விளக்கிய முறை இது. தமிழ்ச் சொற்களை எங்கே உடைக்கலாம் என்ற விதிகளும் அதற்கு உண்டு. பழைய அச்சுக்கோப்பவர்கள் கோடு போடாமலே சொல்லை உடைத்து வரியை நிரப்பினார்கள். அந்தக் கைப்பழக்கத்தைச் சொல்செயலிதான் நம்மிடமிருந்து பறித்தது.

டெக் கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் அது கக்கும் பிழைச்செய்தி எந்த மனிதருக்கும் புரியாது. தொடக்கத்தில் தமிழுக்கு அது சுலபமாகவும் இல்லை. யூனிகோடை நேரடியாக வாசிக்கும் ஸீடெக் 2004இல் வந்த பிறகே வழி திறந்தது. எழுபது வயதுக் கவிஞரைக் குறிமொழி படிக்கச் சொல்வது அநியாயம். அவர் வேர்டிலோ கையெழுத்திலோ அனுப்பட்டும். கற்கவேண்டியவர் பக்கம் அமைப்பவர், இதழுக்கு ஒருவர். இங்கே பிறந்து, பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை லாடெக்கில் எழுதிய பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். தமிழ் வேகமாக வாசிக்க வராவிட்டாலும் இந்த வேலையை அவர்களால் செய்யமுடியும். இதுவரை அவர்களை நாம் கேட்டதில்லை.