கடைசி நாளுக்கு முந்தைய கேள்வி

2024 ஜூன் 8, சனிக்கிழமை இரவோடு சன் டிவியின் 'எதிர்நீச்சல்' முடிந்தது. 2022 பிப்ரவரியில் தொடங்கி எழுநூறு எபிசோடுகளைத் தாண்டிய தொடர் அது. நான் எழுத நினைப்பது அந்த முடிவைப் பற்றி அல்ல. அதற்கு முந்தைய நாளான வெள்ளிக்கிழமையின் எபிசோடு முடிந்ததும் பெண்கள் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி. முடிவு வந்துவிட்டால் பார்வையாளரின் வேலை அதை ஏற்பது அல்லது மறுப்பது என்று சுருங்கிவிடும். முந்தைய நாளில் கதை இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

திருச்செல்வம் இயக்கிய இந்தத் தொடரின் கதை மதுரையில் நடக்கிறது. ஆதி குணசேகரன் என்ற மூத்தவன், அவனுடைய மூன்று தம்பிகள், அந்த நால்வருக்கும் வாய்த்த படித்த மனைவிகள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. படித்த பெண்களைத் தேடிக் கட்டி, அவர்களை அடுப்படியில் நிறுத்துவதுதான் அந்த வீட்டின் பெருமை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார்.

வாலாஜாபேட்டையில் என் தெருமுனையில் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் காத்து நிற்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிலில் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கைகள்தான். விடியலுக்கு முன்பே எழுந்து சமைத்துவிட்டு வருகிறவர்கள், இரவு ஒன்பதரை மணித் தொடரை விழித்திருந்து பார்க்கிறார்கள். 'வேலை வெட்டி இல்லாதவர்கள் பார்ப்பது சீரியல்' என்று எழுதும் விமர்சகர்கள் ஒருநாள் அந்த பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கலாம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அங்கே மூன்று விதமான பேச்சு இருந்தது. முதலாவது, அவன் திருந்துவானா என்பது. "எல்லார் முன்னாடியும் கையெடுத்துக் கும்புட்டு மன்னிப்பு கேக்கணும்" என்றாள் ஒருத்தி. இரண்டாவது, அவனுக்குத் தண்டனை கிடைக்குமா என்பது. மூன்றாவதை ஐம்பதைத் தொடும் ஓர் அக்கா கேட்டார். "மன்னிப்பு கேட்டா என்னா, கேக்காட்டி என்னா? வீடு யாரு பேர்ல இருக்குது? அந்த நாலு பொண்ணுங்களும் நாளைக்கு எங்க படுப்பாங்க?"

முதல் இரண்டு பேச்சும் ஆணைச் சுற்றி வருகின்றன. அவன் மனம் மாறுகிறதா, அவன் உடல் சிறைக்குப் போகிறதா என்பதே அவற்றின் கவலை. மூன்றாவது கேள்வியில் அவன் இல்லை. அது உடைமையைப் பற்றிய கேள்வி. தொடரே நெடுங்காலம் அதைச் சுற்றித்தான் ஓடியது. அப்பத்தாவின் பேரில் இருந்த நாற்பது சதவீதச் சொத்துதான் அந்த வீட்டில் எல்லாரையும் பதற வைத்தது. குணசேகரன் கத்தியதெல்லாம் பண்பாட்டின் பெயரால். பயந்ததெல்லாம் அந்த நாற்பதுக்கு.

அந்த அக்காவின் கேள்விக்குச் சட்டத்தில் பாதி பதில்தான் உண்டு. தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அது மகளுக்கான உரிமை. மருமகளுக்கு, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் புகுந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது, பங்கைத் தருவதில்லை. உழைத்த வீட்டில் தங்கலாம், ஆனால் அது அவளுடையதாகாது. சட்டம் இத்தோடு நின்றுவிடும் இடத்திலிருந்துதான் அந்த அக்கா கேட்கிறார்.

இன்னொன்றையும் பேச வேண்டும். "இந்தாம்மா ஏய்" என்ற குணசேகரனின் அதட்டல் தமிழ்நாடு முழுக்கச் சிரிப்பாகச் சுற்றியது. ஆணாதிக்கத்தின் குரல் இப்படி ரசிக்கப்படுவது ஆபத்து என்று தோழிகள் பலர் சொன்னார்கள். டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கும் ஆணைப் பொறுத்தவரை அது சரி. மனைவியை அப்படியே கூப்பிட்டுவிட்டு, 'சும்மா சீரியல் டயலாக்' என்று அவன் நழுவிக்கொள்ள முடிந்தது. ஆனால் பெண்களின் சிரிப்பு வேறு. என் மாணவி ஒருத்தியின் அம்மா வேலை செய்யும் லைனில் சூப்பர்வைசருக்கு 'குணசேகரன்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். அவர் வரும்போது ஒருத்தி மெல்ல "ஏய்" என்பாள், மற்றவர்கள் குனிந்து சிரிப்பார்கள். அதுவரை அவரவர் வயிற்றில் தனித்தனியாகக் கிடந்த எரிச்சலுக்கு ஒரு பொதுப் பெயர் கிடைத்தது. மாரிமுத்துவின் நடிப்பு செய்த வேலை இதுதான். ஒவ்வொரு பெண்ணும் 'எங்க வீட்டுல மட்டும்தான்' என்று நினைத்திருந்ததை அவர் எல்லார் வீட்டிலும் இருப்பதாகக் காட்டினார்.

கதை எங்கே முடிகிறது என்பது தமிழுக்குப் பழைய சிக்கல். சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களில் இரண்டாவது மதுரைக் காண்டம். கடைசிக்கு முந்தையது. அங்கே கண்ணகி நீதி கேட்கிறாள், அரசன் உயிர் விடுகிறான், நகரம் எரிகிறது. வஞ்சிக் காண்டத்தில் அவள் தெய்வமாகிறாள், இமயத்திலிருந்து கல் வருகிறது, கோயில் எழுகிறது. கேள்வி கேட்டவளுக்கு வழிபாடு கிடைத்துவிட்டால் கேள்வி அடங்கிப்போகிறது. வகுப்பில் நான் மதுரைக் காண்டத்துக்குக் கூடுதல் நாட்கள் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

இது தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். 1880இல் ஜெர்மனியில் அதை மேடையேற்றியபோது, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மாட்டேன் என்று நடிகை மறுத்ததால், நோரா வீட்டிலேயே தங்கிவிடும் மாற்று முடிவை இப்சனே எழுதித் தர வேண்டியிருந்தது. பெண் வெளியேறும் முடிவை மேடையும் திரையும் எளிதில் தாங்குவதில்லை. வீட்டுக்குள் வைத்தே எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்க்கின்றன.

நெடுந்தொடரின் வணிகமும் அந்த வீட்டை விடாது. 2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்தது. ஜனனியாக நடிக்க வேறொரு நடிகை வந்தார். குணசேகரன் அதே அதட்டலோடு வந்தான். ஆறே மாதத்தில் மீண்டும் அதே வீடு, அதே போராட்டம். ஜூன் மாதத்தில் எந்த முடிவு தரப்பட்டிருந்தாலும் அது கெட்டுப்போகக்கூடிய முடிவு என்பதைத் தொடரே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆண் திருந்துவதும் ஆணைத் தண்டிப்பதும் திரும்பப் பெறக்கூடியவை. பத்திரத்தில் ஏறிய பெயரை அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடியாது.

அந்த ஆண்டு கல்லூரி திறந்ததும், முதுகலை மாணவிகளிடம் கடைசி எபிசோடை உங்கள் விருப்பப்படி எழுதுங்கள் என்றேன். பலர் மன்னிப்புக் காட்சி எழுதினார்கள், அழகாகவே எழுதினார்கள். ஒருத்தி மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தை எழுதினாள். நான்கு மருமகள்களும் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். நந்தினி சமையல் தொழிலுக்கு எடுக்கும் கடையை யார் பெயரில் பதிவது என்று பேச்சு. குணசேகரன் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. "அவர் எங்கேம்மா?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு, எழுதியவள் சொன்னாள்: "தெரியல. அவங்க அவரப் பத்தி அன்னைக்கு நெனைக்கல."

பெண்ணியத் திறனாய்வு நெடுந்தொடர்களைப் பிற்போக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கி வந்திருக்கிறது. பல தொடர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் அவற்றைப் பார்க்கும் பெண்களையும் சேர்த்தே அது ஒதுக்கிவிட்டது. பஸ் நிறுத்தத்து அக்காவும் இந்த மாணவியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கதையை எழுதுகிறவர்கள் அவர்களுக்கு முன்னால் ஒரு மன்னிப்பையும் ஒரு விலங்கையும் வைத்து, எது வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது வீட்டுச் சாவி.