குடிகாரன் என்னும் பாத்திரமும் குடிநோயாளி என்னும் மனிதனும்

மதுவைப் பற்றிய தமிழ்க் கதைகளைக் குறித்து மந்தாரக்குப்பத்தில் பங்கு மக்கள் சிலர் அண்மையில் ஒரு மாலை கூடிப் பேசினோம். எல்லாரும் பேசி ஓய்ந்தபின், அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு தாய் மெல்லக் கேட்டார்: “இந்தக் கதைங்கள்ல குடிக்கிறவர் ஒண்ணு செத்துப் போறாரு, இல்லேன்னா திருந்திடுறாரு. எங்க வீட்டுக்காரர் மூணு தடவை நிறுத்தினாரு, மூணு தடவையும் மறுபடி ஆரம்பிச்சாரு. அவரைப் பத்தி யாரும் எழுதலையா?”

அவருக்கு எங்களிடம் விடை இல்லை. ஆயினும், நாம் படித்துவந்த எழுத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க அக்கேள்வியே நம்மைத் தூண்டியது.

மதுவிலக்குக்காக எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் இராஜாஜி ‘விமோசனம்’ என்னும் இதழைத் தொடங்கினார். கல்கி அவருக்குத் துணை நின்றார். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் இராஜாஜியே. அவருடைய ‘திக்கற்ற பார்வதி’ என்னும் கதை, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 1974-இல் திரைப்படமாயிற்று. கள்ளும் கடனும் சேர்ந்து ஓர் ஏழை உழவனின் இல்லத்தை எவ்வாறு தின்றுவிடுகின்றன என்பதை அக்கதை காட்டும் நேர்மை இன்றும் மங்கவில்லை. குடிப்பவனைக் காட்டிலும் அவன் மனைவியின் துயரையே அது தலைப்பாக்கியது. இதுவே அதன் பெருமை.

ஆனால் அந்தத் தலைமுறை எழுத்துக்கு ஒரு குறையும் உண்டு. அது கடையைக் கண்டது, கடனைக் கண்டது, கண்ணீரைக் கண்டது. குடிப்பவனின் உடலுக்குள் நிகழ்வதைக் காணவில்லை. கடையை மூடினால் மனிதன் மீள்வான் என்று நம்பியது. கடையின் பொறுப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. 2003 முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்திவருகிறது. நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் மூடிய கடையைத் தாண்டியும் தேடிச் செல்லும் கால்களைப் பற்றி யார் எழுதுவது?

திரைப்படமோ வேறு வழியில் சென்றது. 1953-இல் வந்த ‘தேவதாஸ்’, குடியைக் காதல் தோல்வியின் அணிகலனாக்கிற்று. பின்வந்த படங்கள் பல, தள்ளாடும் மனிதனை நகைச்சுவைக்குரியவன் ஆக்கின. நாமும் சிரித்தோம். நம் சிரிப்பொலி கேட்ட வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தம் தந்தையை நினைத்துத் தலைகுனிந்தனரோ!

பிறரைக் குறை கூறும் நாம், நம் சமயப் பக்கங்களையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். நாம் அச்சிட்டுவரும் சாட்சியங்களுக்கு ஒரே வார்ப்புதான். குடிப்பவர் திருத்தலம் செல்கிறார், பீடத்தின்முன் அழுகிறார், சூளுரைக்கிறார், மறுநாள் புது மனிதராக எழுகிறார். இறையருளின் ஆற்றலை நாம் ஐயுறவில்லை. ஆனால் அந்த மறுநாளின் இரவை நாம் எழுதுவதே இல்லை.

அந்த இரவு எத்தகையது? மது மூளையின் இயக்கத்தை மந்தமாக்குவது. ஆண்டுக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, ஈடுகட்டுவதற்காகத் தன்னைத் தானே முடுக்கி வைத்துக்கொள்கிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால் அம்முடுக்கம் கட்டின்றி வெளிப்படும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை. ஓரிரு நாளில் சிலருக்கு வலிப்பு. தொடர்ந்து மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல். மிகுதியாகக் குடித்துப் பழகியவருக்கு இது உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே அத்தகையவரிடம், “இன்றே விட்டுவிடு” என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது பக்தி அன்று, ஆபத்து. சூளுரையை ஏற்கும் அதே வேளையில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் நாம் கற்க வேண்டும்.

இதை முன்னரே உணர்ந்தவர் ஒரு துறவி. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் 1935-இல் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தோழமை பிறந்தது. குடிப்பவர்களை மருத்துவமனைகள் ஏற்க மறுத்த காலம் அது. 1939-இல் அந்நகரத்துப் புனித தோமையார் மருத்துவமனையில் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த அருள்சகோதரி இக்னேஷியா, மருத்துவர் பாப் ஸ்மித்துடன் சேர்ந்து, அத்தகைய ஒருவரை ‘இரைப்பை அழற்சி’ என்று பதிந்து உள்ளே அனுமதித்தார். உண்மையான நோய்க்கு அன்று பதிவேட்டில் இடமில்லை! சென்னையிலோ, கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் அங்கே சிகிச்சையில் இடமளிக்கப்பட்டது. ‘குடிகாரன்’ என்ற வசைச்சொல்லுக்கு மாற்றாகக் ‘குடிநோயாளி’ என்ற சொல் தமிழில் இன்று வழங்குகிறது. மருத்துவம் ஏற்ற அச்சொல்லை நம் கதைகள் இன்னும் ஏற்கவில்லை என்பதே நம் திறனாய்வின் சாரம்.

நோய் என்றால் பொறுப்பு நீங்கிவிடுமோ என்று சிலர் கேட்கலாம். பழக்கமும் உளவியல் காரணிகளும் ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 1735) கற்பிக்கிறது. எனினும் நீரிழிவு வந்தது ஒருவரின் குற்றமன்று என்றாலும் மருந்து உண்பது அவர் கடமையன்றோ? சிகிச்சையை நாடுவது குடிநோயாளியின் கடமை. நோய் என்ற பெயரால் மனைவி அடிபட்டுக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அவரைக் காப்பது பங்குச் சமூகத்தின் கடமை.

அந்தத் தாய் தேடிய கதை நம் புனிதர் வரிசையிலேயே இருக்கிறது. சீன நாட்டு மருத்துவர் மாற்கு ஜி தியான்சியாங், வயிற்று நோய்க்கு மருந்தாக அபினி உண்டு அதற்கு அடிமையானார். திரும்பத் திரும்ப ஒரே பாவத்தை அறிக்கையிட்டதால் திருந்தும் எண்ணமற்றவர் எனக் கருதப்பட்டு, ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை மறுக்கப்பட்டார். ஆயினும் ஆலயத்தை விட்டு அவர் அகலவில்லை. 1900-இல் பாக்சர் கலகத்தில் குடும்பத்தோடு பிடிபட்டபோது, தம்மவருள் எவரும் தனியே சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி வேண்டினார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். அபினிப் பழக்கத்திலிருந்து அவர் மீண்டதாக வரலாறு சொல்லவில்லை. அவருக்குக் கிடைக்காத மருத்துவம் இன்று நமக்கு உண்டு. புதுச்சேரி ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் நமக்குத் தொலைவில் இல்லை.

நெய்வேலி மக்களுக்கு நாம் ஒன்றை விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை அல்லும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும். நேற்று இறைத்தோம் என்று இன்று எவரும் நிறுத்துவதில்லை. நீர் ஊறுகிறதே என்று சுரங்கத்தைப் பழிப்பாரும் இல்லை. குடிநோயிலிருந்து மீள்வதும் அத்தகைய அன்றாடப் பணியே.

மூன்று முறை நிறுத்தி மூன்று முறை விழுந்தவர், மூன்று முறை எழ முயன்றவரும் ஆவார். அவரை அப்படி எழுதும் கதை நம்மிடையே பிறக்கட்டும். அதுவரை, நான்காம் முறை அவர் எழும்போது பற்றிக்கொள்ள ஒரு கையையேனும் நாம் நீட்டுவோம்.