லூக்கனின் மிகை

லூக்கனைப் பின்பற்ற வேண்டியவர்கள் கவிஞர்களல்ல, பேச்சாளர்களே என்பது குவின்டிலியனின் கருத்து. ரோமாபுரியின் பெரும் பேச்சுக்கலை ஆசான் சொன்னதாயிற்றே. பத்தொன்பது நூற்றாண்டுகளாக அது அந்தக் கவிஞர்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடும்பமும் அதற்கு இடம் கொடுத்தது. மேடைப் பயிற்சி வாதங்களைத் தொகுத்த மூத்த செனகா அவருடைய பாட்டனார். தத்துவஞானி செனகா பெரியப்பா. நீரோவுக்கு எதிரான சதியில் சிக்கிய லூக்கன், கி.பி. 65-இல் 25 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. சீசருக்கும் பாம்பிக்கும் நடந்த போரைப் பாடும் அவருடைய காவியம் பத்தாம் காண்டத்தோடு அரைகுறையாக நிற்கிறது. உயர்வு நவிற்சி, முரண், கதையை நிறுத்திவிட்டுப் பாத்திரத்தை நேரே விளித்தல் ஆகியவை அதில் எங்கும் நிறைந்திருக்கின்றன. இவை வெறும் மேடை முழக்கம்தானா?

தொடக்க வரியிலேயே மிகை வந்துவிடுகிறது. தான் பாடப்போவது உள்நாட்டுப் போரையும் மிஞ்சிய போர் என்கிறார். கைதட்டலுக்காகச் சொன்னது போலத்தான் முதலில் படுகிறது. ஆனால் பாம்பி மணந்திருந்தது சீசரின் மகள் ஜூலியாவை. அவள் கி.மு. 54-இல் பிள்ளைப்பேற்றில் இறந்தாள். பின்னாளில் மாமனாரும் மருமகனும் படை திரட்டி மோதினார்கள். நாட்டுக்குள் நடந்த போர் என்று மட்டும் சொல்லியிருந்தால்தான் அது குறைவாகச் சொன்னதாகியிருக்கும்.

விளியின் உச்சம் ஏழாம் காண்டத்தில் இருக்கிறது. கி.மு. 48, பார்சாலஸ் களம். இந்தப் போரில் ரோம் செய்ததைச் சொல்லவே மாட்டேன் என்கிறார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சாதாரணப் போர்வீரனின் தலைக்கவசத்துக்குள் முகம் மறைத்து, புரூட்டஸ் சீசரை நெருங்குகிறான். அந்த இடத்தில் கவிஞர் குறுக்கிட்டு அவனைத் தடுக்கிறார்: பொறு, அவன் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை, ஏறிய பிறகு உன் கையால் விழட்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடக்கப்போகும் கொலை படிப்பவர் அனைவருக்கும் தெரியும், புரூட்டஸுக்குத் தெரியாது. கவிஞரின் குரலும் அவன் காதில் விழாது. சீசர் அன்றே செத்திருந்தால் குடியரசு பிழைத்திருக்குமோ என்ற ஏக்கமும், நடந்ததை மாற்ற முடியாத ஆத்திரமும் அந்த ஒரே கூப்பாட்டில் முட்டிக்கொள்கின்றன. வர்ஜிலும் விளிப்பார், நிசஸும் யூரியாலஸும் மாண்டபின் அவர்களுக்கு அழியாப் புகழை வாக்களிப்பார். அது இரங்கல். லூக்கன் செய்வது வரலாற்றோடு வழக்காடுவது. லத்தீன் கவிதையில் இதற்கு இணையான இடங்கள் மிகச் சில.

உடலைச் சிதைக்கும் வருணனைகளை அப்படி ஒட்டுமொத்தமாக ஏற்க முடியாது. மூன்றாம் காண்டத்தில், மசிலியாக் கடற்போரில், லிசிடஸ் என்பவனை எதிரியின் இரும்புக் கொக்கி இழுக்கிறது; தோழர்கள் அவன் கால்களைப் பிடித்துக்கொள்கிறார்கள்; உடல் இரண்டாகக் கிழிகிறது. கொடூரம்தான், ஆனால் தேவையான கொடூரம். இரு பக்கமும் பற்றியிழுத்துக் கிழிபடும் அந்த உடலில் ரோம் தெரிகிறது.

ஒன்பதாம் காண்டத்தின் பாம்புகளுக்கு அந்தத் தகுதி இல்லை. லிபியப் பாலைவனத்தில், சீசரை எதிர்த்து நின்ற கேட்டோவின் வீரர்களில் ஒருவன் கடிபட்டு உருகி ஒழுகுகிறான். இன்னொருவன் கவசம் கொள்ளாமல் வீங்குகிறான். சிதையும் உடல் சிதையும் குடியரசின் படிமம் என்று இதற்கும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. இங்கே கொல்வது குடிமகனல்ல, பாம்பு. ஒவ்வொரு சாவும் முந்தையதைவிட விசித்திரமாக இருக்க வேண்டும் என்ற போட்டி மட்டுமே மிஞ்சுகிறது. அதே காண்டத்தில், தாகத்தால் தவிக்கும் படையின் முன், தனக்கென்று கொண்டுவரப்பட்ட கொஞ்ச நீரைக் கேட்டோ தரையில் கொட்டுகிறான். அந்த நீரே எல்லோருக்கும் போதுமாயிற்று என்று லூக்கன் முரணாக முடிக்கிறார். அங்கே ஒரு மனிதனின் செயல் முரணைத் தாங்குகிறது. பாம்புகளின் வரிசையைத் தாங்க அப்படி ஒன்றும் இல்லை.

ஆகவே குவின்டிலியனின் தீர்ப்பு அந்தப் பாம்புப் பகுதிக்குப் பொருந்தும், ஏழாம் காண்டத்துக்குப் பொருந்தாது. பார்சாலஸில் பேச்சாளனைக் கழித்துவிட்டால் கவிஞனும் மிஞ்சமாட்டான்.