செங்கல்லை ஏற்றியது யார்?

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று எழுதப்படும் புத்தகம் எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். கோட்டை, ஐகோர்ட்டு, சென்ட்ரல், ரிப்பன் மாளிகை, செனட் ஹவுஸ், சாந்தோம், கபாலீசுவரர் கோயில். வரிசைகூட அனேகமாக மாறுவதில்லை. நான் பேச வந்தது வரிசையைப் பற்றியல்ல, வாக்கியத்தைப் பற்றி. 'இன்னார் கட்டினார்' என்பதுதான் இந்தப் பிரதிகளின் ஆதார வாக்கியம். செனட் ஹவுசைக் கட்டியவர் சிசோம். 1892இல் திறந்த ஐகோர்ட்டைக் கட்டி முடித்தவர் ஹென்றி இர்வின். ஊரிலிருந்து வந்த எங்க பசங்க ரெண்டு பேருக்கு ஐகோர்ட்டைக் காட்டியபோது நானும் இர்வின் பேரைத்தான் சொன்னேன். ஒருத்தன் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவன். அண்ணாந்து பார்த்துட்டு, "அந்த உச்சிக்குச் செங்கல்ல யாருண்ணே ஏத்துனது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை.

இது தற்செயலான மறதி அல்ல. ஐகோர்ட்டு நிற்கிற மண்ணையே எடுத்துக்கொள்வோம். அங்கேதான் பழைய 'கறுப்பர் நகரம்' இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சுக்காரரோடு நடந்த சண்டைகளை ஒட்டி, கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்று அதை இடித்துத் தள்ளினார்கள். இடித்த இடத்தில் பிற்பாடு எழுந்த கட்டடம் 'பாரம்பரியம்' ஆயிற்று. இடிபட்ட வீடு எதுவும் ஆகவில்லை.

பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் 1877-78 பெரும்பஞ்சத்தில் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் நிவாரண வேலைக்கு வந்த பஞ்சைகள். பேர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது. பசித்த வயிறு வெட்டிய கால்வாய் இந்த நகரத்தின் ஆகப் பெரிய நினைவுச் சின்னம் என்பேன். வழிகாட்டிப் புத்தகத்துக்கோ அது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டவேண்டிய சாக்கடை.

அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். சரி. 'பஞ்சமர்' பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894இல் தொடங்கிய பள்ளி பக்கத்திலேயே இருக்கிறதே, அதை யார் சொல்வது? ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அந்தத் தெருக்கள் எந்தப் பட்டியலில் உண்டு?

'மாற்று' வரலாறு பேசுகிறவர்களையும் இங்கே விட்டுவிட முடியாது. மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையை அவர்கள் பெருமையோடு காட்டுவார்கள். பெருமைதான். ஆனால் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தைச் சொல்லும்போது ஏன் குரல் தாழ்கிறது? ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. மோதலில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. உழைக்கும் வர்க்கத்துக்குள்ளும் சாதி இருந்தது என்று அந்தச் சாம்பல் சொல்கிறது. ஆலையும் 1996இல் மூடப்பட்டது. எரிந்த குடிசைக்குக் கல்வெட்டு கிடையாது.

பண்டிதருக்குக் கிண்டியில் 2023 டிசம்பரில் மணிமண்டபம் திறந்தார்கள். எனக்கும் சந்தோஷம். ஆனாலும் அவர்கள் பட்டியலில் நம் பேர் ஒன்றைச் செருகிவிட்டால் வாக்கியம் மாறிவிடாது. நாம் எழுதவேண்டிய வழிகாட்டி பக்கிங்காம் கால்வாயில் தொடங்கி, புளியந்தோப்பு வழியாகப் போய், 2000த்திலிருந்து நகரத்துச் சேரிகளைப் பிய்த்துக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரில் முடியவேண்டும். சென்னையைக் கட்டிய கைகள் சென்னைக்குள் குடியிருக்கக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சிக் கட்டடம் வேறில்லை.

அங்கே இருக்கிற கிழவிகளைக் கேளுங்கள். எந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தோம், எந்தக் குடிசையிலிருந்து லாரியில் ஏற்றினார்கள் என்று தேதியோடு சொல்வார்கள். மாணவத் தோழர்கள் அதை எழுதிக்கொண்டு வரட்டும். அந்தப் பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லியாகவேண்டும்.