மசக்கை என்ற சொல் மறைப்பது

மசக்கை நமக்கு ஒரு நோயின் பெயரல்ல, ஒரு நற்செய்தியின் பெயர். தமிழ்த் திரையில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். கிழவி ஒருத்தி நாடி பிடிப்பாள். அடுத்த காட்சியில் மாங்காய் வந்துவிடும். வாந்தி இங்கே வெறும் குறி. அவள் எத்தனை நாள் பட்டினி கிடந்தாள், எவ்வளவு இளைத்தாள் என்ற கேள்விகளுக்குப் பிரதியில் இடமில்லை.

இந்த வாசிப்பு பழையது. தொல்காப்பிய உரியியல் 'வயா' என்பதற்கு மிகுந்த ஆசை என்றே பொருள் தருகிறது. கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகைப் பாடல் (287), நீர் சுமந்த மேகத்தை, நடக்கமாட்டாமல் தளர்ந்து பச்சைப்புளிக்கு ஏங்கும் நிறைசூலிக்கு ஒப்பிடுகிறது. பெண் எழுதியதாலோ என்னவோ, அதில் ஆசையோடு தளர்ச்சியும் இருக்கிறது. நாம் புளியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வெள்ளகோவில் பக்கம் கர்ப்பிணியிடம் பெரியவர்கள் சொல்வது இது: "நாங்கெல்லாம் பெக்கலையா அம்மிணி? மூணு மாசம் போனாச் செரியாப் போயிரும் கண்ணு." அன்பான பேச்சுதான், பெரும்பாலோர்க்கு உண்மையும்கூட. சிக்கல் அதில்தான். பலரின் அனுபவம் சிலரின் வாயை அடைத்துவிடுகிறது. குடித்த தண்ணீரும் தங்காமல், மூத்திரம் சுண்டி, எடையில் நூற்றுக்கு ஐந்துக்குமேல் குறைந்துபோகும் பெண்ணும் அதே 'மசக்கை'க்குள் அடைபடுகிறாள். மருத்துவம் இதை ஹைபரெமிசிஸ் கிராவிடாரம் என்று தனியே பிரிக்கிறது. சிலருக்கு இது பிரசவம்வரை விடாது.

மருத்துவச் சொல்லாடலும் அப்பாவி அல்ல. இருபதாம் நூற்றாண்டில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கில், இவள் உள்மனதில் குழந்தையை வெறுக்கிறாள் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். மாமியாரின் 'இவளுக்குச் செல்லம் ஜாஸ்தி' என்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் மார்லினா ஃபெஜ்ஸோ, ஸ்டீஃபன் ஓ'ராஹிலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: கருவிலிருந்து வரும் ஜி.டி.எஃப். 15 என்ற ஹார்மோனுக்குத் தாயின் உடல் முன்பே எவ்வளவு பழகியிருக்கிறது என்பது முக்கியமான காரணம். குற்றவாளிக் கூண்டில் நின்ற மனசு இறங்கிக்கொள்ளலாம்.

பெயரில்லாததன் விலை உடலில் விழுகிறது. 'ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாத் தெம்பாயிரும்' என்பது நம் பொதுப்புத்தி. வாரக்கணக்கில் சாப்பிடாதவளின் உடலில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்திருக்கும். அதை முதலில் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். 'முதல்ல தயமின் போட்டீங்களா?' என்று வீட்டார் கேட்க வேண்டும். ஆனால் மசக்கைக்கு யார் இப்படிக் கேட்பார்கள்?

சட்டத்திலும் இதே கதைதான். கர்ப்பத்தால் வரும் நோய்க்குச் சம்பளத்தோடு ஒரு மாதம்வரை கூடுதல் விடுப்பு 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் எழுதப்பட்டது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது உண்டு. அதைப் பெறச் சான்று வேண்டும். நோய் என்று யாரும் ஒப்புக்கொள்ளாததற்கு நூல்மில் பெண் என்ன சான்று கொண்டுவருவாள்? தறி ஓட்டுகிறவள் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் தறிமுன் நிற்கிறாள். மசக்கை கொண்டாட்டமாகவே இருக்கட்டும். ஆனால் நோய்க்கு நோயின் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போக அந்தப் பெயர்தான் முதல் தேவை.