அறவிழுமியங்களும் புறநிலை அளவுகோலும்: திருக்குறளை முன்வைத்து ஒரு நோக்கு

அறவிழுமியங்கள் புறநிலையானவையா, அகநிலையானவையா என்னும் வினா மெய்யியலுக்கு மட்டுமன்றித் தமிழிலக்கியத் திறனாய்வுக்கும் உரியதாகும். சங்கச் செய்யுள்களையும் திருக்குறளையும் ஒருசேரப் பயில்வோர் அதனைத் தவிர்த்தல் இயலாது.

புறநானூற்றிலே கள்ளும் ஊனும் கொடையின் அடையாளங்கள். அதியமான் கள்ளைப் பகிர்ந்துண்டமையை ஔவையார் அவனது பண்பாகவே நினைவுகூர்கிறார். அந்தணரான கபிலர் தாம் ஊனுண்பதை மறைக்காது பாடுகிறார். அகத்திணை மரபு பரத்தையிற் பிரிவுக்கு இடமளித்தது. வள்ளுவரோ கள்ளுண்ணாமை, புலால் மறுத்தல், வரைவின் மகளிர் எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்து இவற்றைக் கடிந்தார். வீரயுக வாழ்வின் தளர்ச்சி, நிலவுடைமையினதும் வணிகத்தினதும் வளர்ச்சி, சமண பௌத்தச் செல்வாக்கு என்பன இம்மாற்றத்தின் பின்னணியாகச் சுட்டப்படுவதுண்டு.

விழுமியங்கள் இவ்வாறு மாறுவனவாதலின் அவை வெறும் அகநிலை விருப்பங்களே எனச் சிலர் முடிவு கட்டுவர். இம்முடிவு பொருந்தாது. ஒரு கருத்துத் தோன்றிய சூழலை விளக்குதல் வேறு. அக்கருத்துச் சரியா என ஆராய்தல் வேறு. வாய்மை அதிகாரம் இவ்வகையிற் கருதத்தக்கது. தீங்கு பயவாத சொல்லே வாய்மை என வரையறுக்கும் வள்ளுவர், குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். இங்கு அறத்தின் அளவுகோல் சொல்வோனது விருப்பத்தைச் சாராது, சொல்லின் விளைவைச் சார்ந்து நிற்கிறது. விளைவோ எவராலும் ஆராயத்தக்கது.

அவ்வளவுகோலால் வள்ளுவரையும் மதிப்பிடலாம். தெய்வத்தை விடுத்துக் கணவனைத் தொழும் மனைவியைப் போற்றும் குறள், பெண்ணின் தன்னுரிமைக்கு நேரும் தீங்கைக் கணக்கிலெடுக்கவில்லை. அக்குறளை அதன் காலத்தைக் கொண்டு விளக்கலாம், நியாயப்படுத்தல் இயலாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். வழக்காறே அத்தடைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. விழுமியம் அகநிலையானதாயின், தடுத்தோரின் நியாயமும் தடுக்கப்பட்டோரின் நியாயமும் சமமாகிவிடும். எனவே முற்போக்குத் திறனாய்வு வரலாற்று நோக்கைப் பேணும் அதேவேளை, மானுடத் துன்பம் என்னும் புறநிலை அளவுகோலையும் கைவிடலாகாது. கைவிடின், ஒடுக்குமுறையைக் கண்டிக்கும் தகுதியையே அது இழந்துவிடும்.