விருது பெற்ற வேளாண்மையும் உருளைக்கிழங்கின் பொட்டாஷ் கணக்கும்

2024 ஜூலையில் லிஸ்பனில் அறிவிக்கப்பட்ட குல்பென்கியன் பரிசை மூவர் பகிர்ந்துகொண்டனர்: ஆந்திர அரசின் இயற்கை வேளாண்மைத் திட்டம், மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், எகிப்தின் செகெம் அமைப்பு. பரிசுத் தொகை பத்து லட்சம் யூரோ. நடுவர் குழுத் தலைவர் ஏங்கெலா மெர்கல். எந்தப் பயிருக்கும் இயற்கை வேளாண்மையின் சாணிக் கரைசலான ஜீவாமிர்தம் போதும் என்ற பேச்சுக்கு அன்றிலிருந்து புது மதிப்பு வந்துவிட்டது. சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மேட்டில், பலமநேர், வி.கோட்டா, குப்பம் பக்கத்துச் செம்மண்ணில் கிழங்கு போடுகிறவர்களுக்கு அந்தப் பேச்சு நல்லதல்ல.

திட்டத்தின் நன்மைகள் மெய்யானவை. மருந்துக்கடைக் கடன் குறைகிறது, மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, தரிசாய்க் கிடந்த மாதங்களில் பலவகை விதைப்பு நிலத்தைப் போர்த்துகிறது. கடை உரம் போடுகிறவரும் பொட்டாஷ் விஷயத்தில் ஒழுங்கானவர் அல்ல. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையோ 2022-இல் 1,700 ரூபாயைத் தொட்டது. பணமுடை வந்தால் பொட்டாஷைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

ஆனால் ஒரு குறை இத்தனை நன்மைக்கும் அடியில் கிடக்கிறது.

ஜீவாமிர்த முறையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: செடி தனக்கு வேண்டியதில் 98 விழுக்காட்டைக் காற்று, நீர், வெயிலிலிருந்து எடுத்துக்கொள்கிறது, மண் தருவது ஒன்றரை அல்லது இரண்டு விழுக்காடுதான். எடையாகப் பார்த்தால் இது சரி. பொட்டாசியம் முழுவதும் அந்த இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கிறது என்பதை மட்டும் அந்தப் பேச்சு சொல்வதில்லை. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தர தட்டைப்பயறின் வேர்முடிச்சு உண்டு. பொட்டாசியத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. காற்றில் அது இல்லை.

நூறு கிராம் கிழங்கில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஏக்கருக்குப் பத்து டன் எடுத்துக் கோயம்பேட்டுக்கு லாரி ஏற்றினால், நிலத்தைவிட்டுப் போவது ஏறக்குறைய 40 கிலோ. உரக்கணக்கில், அதாவது பொட்டாசியம் ஆக்சைடாக, 48 கிலோ சாம்பல் சத்து. நெல்லில் இந்தச் சத்தின் பெரும்பகுதி வைக்கோலில் தங்கும். வைக்கோலும் சாணியும் திரும்பி வந்தால் இழப்பு சிறிது. உருளையில் விற்பனைக்குப் போகும் கிழங்கிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இலையில் உண்டாகும் சர்க்கரை கிழங்குக்கு இறங்கி மாவாக மாற இந்தச் சத்துதான் துணை. அது குறைந்தால் இலையோரம் வெண்கல நிறமாகிக் கருகும், கிழங்கு சிறுக்கும், மூட்டை கட்டி ஏற்றி இறக்கும்போது அடிபட்ட இடம் உள்ளுக்குள் கறுக்கும்.

இனி ஜீவாமிர்தம். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். அதில் பத்து கிலோ சாணி, ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டிரண்டு கிலோ வெல்லமும் பயறு மாவும். கோமியத்தைத் தாராளமாகவே கணக்கிட்டாலும் ஒரு கரைசலில் தேறும் சாம்பல் சத்து ஏறத்தாழ 200 கிராம். மூன்று மாதப் பயிருக்கு மாதம் இருமுறை ஊற்றினால் சுமார் 1.2 கிலோ. அதன் உலர் வடிவமான கன ஜீவாமிர்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் 48 கிலோவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது கடினம்.

ஆதரவாளர்களிடம் இதற்குப் பதில் உண்டு: ஜீவாமிர்தம் உரமல்ல, நுண்ணுயிர்களைத் தூண்டும் உறைமோர், மண்ணில் பூட்டிக் கிடக்கும் சத்தை அவை திறந்துவிடும் என்கிறார்கள். சித்தூர் மண் கருங்கல் தேய்ந்து வந்தது. ஏக்கர் கணக்கில் டன் டன்னாகப் பொட்டாசியம் அதில் உண்டு என்பதும் மெய். ஆனால் அதில் பெரும்பங்கு கனிமப் படிகத்துக்குள் அடைபட்டது, ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிவது. உருளைக்கோ வேர் மேலோட்டமானது, ஆயுள் 90 நாள், பசி மிகுவது நட்ட முப்பதாம் நாளுக்கும் அறுபதாம் நாளுக்கும் இடையில். நுண்ணுயிர் எதையும் படைப்பதில்லை. அது வேகமாகத் திறந்தால் இருப்பும் வேகமாகக் கரையும், மணற்பாங்கான செம்மண்ணில் பிடித்துவைக்கும் களியும் குறைவு. முதல் சில ஆண்டு விளைச்சல் குறையாதது பழைய இருப்பைச் செலவழித்த பலனாகவும் இருக்கலாம். விளைச்சலையும் செலவையும் மட்டும் ஒப்பிடும் அட்டவணையில் இது தெரியவே தெரியாது. தேசிய வேளாண் அறிவியல் கழகம் 2019-இலேயே இந்த முறைக்கு எதிராக அரசை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கம்பெனிக்காரர் குரல் என்று ஒதுக்கியவர்கள் கணக்குக்குக் கணக்கால் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய குடியானவர்கள் இந்த மாயையில் விழவில்லை. ஆட்டுக்கிடை போட்டார்கள், ஏரி வண்டல் அடித்தார்கள், காட்டுத் தழையை மிதித்தார்கள், அடுப்புச் சாம்பலைக் குப்பையில் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் வெளியிலிருந்து நிலத்துக்கு வந்த சத்து. அந்த வரவை வாளிக் கரைசலாகச் சுருக்கியதை மரபு என்று அழைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ரசாயனம் கூடாது என்பதே கவலையென்றால் வழி அடைபட்டுவிடவில்லை. இயற்கையாய்க் கிடைக்கும் சல்பேட் ஆஃப் பொட்டாஷை அங்கக வேளாண்மைக்கான தேசியத் தரநிர்ணயமே நிபந்தனையோடு அனுமதிக்கிறது. கடையில் வழக்கமாய்க் கிடைக்கும் மூரியேட் பொட்டாஷில் உள்ள குளோரைடு மிகுந்தால் கிழங்கின் மாவுத்தன்மை குறையும் என்பதால் உருளைக்குச் சல்பேட்டே மேல். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் 14.5 விழுக்காடு பொட்டாஷ் 2021 முதல் உர மானியத்தில் இருக்கிறது. திருப்பதியில் மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. வி.கோட்டா வயல்களில் நடவுக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் பொட்டாசியத்தை அளந்து, ஐந்தாறு ஆண்டுக்கு ஊர்ப் பலகையில் எழுதி வைக்கும் வேலையை விருதுத் தொகையின் ஒரு சிறு பங்கே தாங்கும்.